திகாம் பத்து முச்சந்தியில் என் படம்

புதிதாக ஒரு தொடர் கிடைத்திருக்கிறது என்று நான் போன் செய்தால், எத்தனை வாரம் ஓடும், யார் ஜோடி என்றெல்லாம் அம்மா கேட்பதில்லை. அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "இதுல நீ சாவுறியா?" இல்லை என்று சொன்னால், "சரி, சாப்பிட்டியா?" என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். ஆமாம் என்று சொல்ல வேண்டி வந்தால் எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று குடைந்து குடைந்து கேட்டுக் குறித்துக்கொள்வார். ஃப்ரிஜ்ஜுக்குப் பக்கத்தில் தொங்கும் மளிகைக்கடை காலண்டரில், கேஸ் மாற்றிய தேதிக்கும் அமாவாசைக்கும் நடுவில் என் சாவும் எழுதியிருக்கும். எல்லாம் திகாம் பத்துவில் நான் நடித்த முதல் தொடரால் வந்த பழக்கம்.

எங்கள் வீடு மலேசியாவில், கெடா மாநிலத்து மெர்போக்கில். அப்பா செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்க்குக் குலை வெட்டிக்கொண்டிருந்தார். நான் இரண்டாம் படிவம் படிக்கும்போது, பதினாலு வயதில், வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவரை ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டது. அதற்குப் பிறகு அம்மா சுங்கை பட்டாணியில் கையுறை செய்யும் ஃபேக்டரிக்குப் போக ஆரம்பித்தார். வீட்டில் மிச்சம் இருந்தது அவரும் நானும் மட்டும்தான். அப்போதுதான் எங்களுக்குள் ஒரு சட்டம் வந்தது. எங்கே போனாலும், போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ் கால். பேச வேண்டியதில்லை. இரண்டு தரம் மணி அடித்தால் போதும், அம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி.

நடிப்புப் பைத்தியம் எனக்கு எப்போது பிடித்தது என்று பேட்டி எடுக்கிறவர்கள் கேட்பார்கள். சின்ன வயதிலிருந்தே என்று மற்றவர்களைப் போல நானும் சொல்லிவைப்பேன். உண்மையில் அது யான் என்ற ஊர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் பிடித்தது. இளைஞர் மன்றத்து நாடகத்தில் இரண்டே காட்சி வரும் மருமகள் வேஷம் எனக்கு. மேடையில் ஏறி வாயைத் திறந்தேன், மைக் படுத்துவிட்டது. முன்னால் முந்நூறு பேர் கச்சான் கடலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம், அடிவயிற்றிலிருந்து கத்திப் பேச ஆரம்பித்தேன். கோயிலுக்குப் பின்னால் நெல்வயல் வரைக்கும் கேட்டிருக்கும். கச்சான் உரிக்கிற சத்தம் நின்றது. அந்தச் சத்தம் நின்றது இருக்கிறதே, அதற்காகத்தான் இன்றைக்கு வரைக்கும் நடித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா நடிப்பை வேண்டாம் என்று சொன்னவர் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நடிகை என்றதும் வீட்டில் எதிர்த்தார்களா என்று எல்லாருக்கும் ஒரு ஆசை. அம்மாவுக்கு மானப் பிரச்சினை எல்லாம் கிடையாது. அவருடைய பயம் ரோட்டின் மேல். "மேடை ஏறு, ஆடு, என்ன வேணா பண்ணு லா. ஆனா மாசம் பொறந்தா ஒரே இடத்துல கிராணி வேலை இருக்கணும். எட்டரைக்குப் போனா அஞ்சரைக்கு வந்துரணும். ஊர் ஊரா மோட்டார்ல சுத்துற வேலைன்னா நான் விடமாட்டேன்," என்பார். சுங்கை பட்டாணியில் மோட்டார் சாமான் விற்கும் கடையில் எனக்குக் கணக்கெழுதும் கிராணி வேலை இருந்தது. ஏர்கோன் இருந்தது. அம்மாவுக்கு அது போதும்.

எனக்குத்தான் போதவில்லை. பினாங்கு நாடகக் குழு ஒன்று என்னைச் சேர்த்துக்கொண்டது, தொலைக்காட்சி ஆட்கள் வரச்சொன்னார்கள், எல்லாம் வேலை நாளில்தான். முதலாளி மூன்று தரம் லீவு கொடுத்தார். நாலாவது தரம், "நீ நடிகையா கிராணியான்னு முடிவு பண்ணிட்டு வாம்மா," என்றார். முடிவு பண்ணினேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

நாலு மாதம். தினமும் காலையில் ஆபிஸ் சட்டை போட்டுக்கொண்டு, இஸ்திரி கலையாமல் மோட்டாரில் ஏறி, ஒத்திகைக்கும் நடிகர் தேர்வுக்கும் போவேன். எங்கே இருந்தாலும் எட்டு இருபதுக்கு அம்மாவுக்கு மிஸ் கால், ஏனென்றால் கடைக்குப் போய்ச் சேருகிற நேரம் அதுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கடையில் இன்றைக்கு யார் வந்தார்கள், என்ன வாங்கினார்கள் என்று கதை வேறு விடுவேன். என் வாழ்க்கையிலேயே நான் மிக நன்றாக நடித்தது அந்த நாலு மாதம்தான். நாளாக ஆக, அம்மா தட்டில் சோறு போடும்போது அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

அப்படியிருக்கும்போது கிடைத்ததுதான் அந்தத் தொடர். ஒரு பெண்ணின் சாவு வீட்டில் கதை ஆரம்பிக்கும். அவள் எப்படிச் செத்தாள், யார் கொன்றார்கள் என்று பின்னோக்கிப் போகும். முதலில் பேசியது மூன்றே நாள், பெட்டிக்குள் பிணமாகப் படுக்க மட்டும். இயக்குநர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். என் குரல் பரீட்சையின்போது சத்தம் பதிவுசெய்கிறவர் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டு, "தங்கச்சி, மைக் உன் சட்டைக்குள்ளயே இருக்கு, யானுக்கெல்லாம் கேக்கணும்னு இல்ல," என்று சொன்னதில் எனக்கு ஏற்கெனவே பாதி நம்பிக்கை போயிருந்தது. இயக்குநர் அண்ணன் சொன்னார்: "முதல்ல ஒழுங்கா செத்துக் காட்டு. அது சரியா வந்தா, உயிரோட இருக்கிற பாகத்தையும் நீயே பண்ணு." உயிரோடு இருக்கிற பாகம் என்பது ஐம்பது எபிசோட். ஒழுங்காகச் செத்தால் எனக்குத் தொழில், இல்லாவிட்டால் திரும்பவும் மோட்டார் சாமான் கடை. அதுவும் முதலாளி சேர்த்துக்கொண்டால்.

படப்பிடிப்பு திகாம் பத்துவில், ஒரு தாமான் குடியிருப்பில் வாடகைக்கு எடுத்த வீட்டில். வாசலில் நிஜமான கூடாரம், நிஜமான பெட்டி, உருமி மேளக்காரர்கள்கூட நிஜம். நம் பக்கத்தில் சாவு விழுந்தால், பெரிய ரோட்டிலிருந்து திரும்புகிற முச்சந்திக் கம்பத்தில், செத்தவர் படத்தையும் பெயரையும் ஒரு பலகையில் ஒட்டி, வீட்டுக்கு அம்புக்குறி காட்டிக் கட்டுவார்கள் இல்லையா. கலை வேலை பார்த்த அண்ணன் அதையும் செய்தார். கதையில் வரும் பெண்ணின் பெயர், பக்கத்தில் என் படம், கீழே அம்புக்குறி. காலை ஏழு மணிக்கு முச்சந்தியில் கட்டி ஒரு ஷாட் எடுத்தார்கள். எடுத்தவர்கள் அவிழ்க்க மறந்துவிட்டார்கள். நம் ஊரில் அந்தப் பலகையை வழியில் போகிற யாரும் தொடவும் மாட்டார்கள், அடக்கம் முடிகிற வரைக்கும் அது அப்படியே இருக்கும்.

அதைப் பார்த்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். உண்மையான ஆட்கள். சட்டைப் பட்டனைச் சரிசெய்துகொண்டு வந்து, செருப்பை ஓரமாக விட்டு, கூடாரத்தில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார்கள். ஒருவர் தண்ணீர் போத்தலை வாங்கிக்கொண்டு, "சின்னப் பிள்ளையா இருக்கே, என்ன ஆச்சு?" என்று ஒப்பனை அக்காவிடம் கேட்டிருக்கிறார். கேமராவைப் பார்த்த பிறகும் எழுந்து போகவில்லை. இப்போதெல்லாம் சாவு வீட்டிலும்தான் வீடியோ எடுக்கிறார்களே. சும்மா வந்த கூட்டத்தைப் பார்த்து இயக்குநர் அண்ணனுக்குச் சந்தோஷம். யாரும் அவர்களிடம் உண்மையைச் சொல்லவில்லை.

என் போனை ஏழரைக்கே வாங்கிப் பைக்குள் போட்டு வேனில் பூட்டிவிட்டார்கள். படம் வெளியே போய்விடக்கூடாது என்று எல்லாரிடமும் வாங்குவது வழக்கம். எட்டு இருபதுக்கு ஒரே ஒரு மிஸ் கால் கொடுத்துவிட்டுத் தருகிறேன் என்று கெஞ்சினேன். "மிஸ் கால்தானே, இப்பவே குடுத்துடேன்," என்றார்கள். ஏழரைக்குக் கொடுத்தால் கடை திறந்திருக்காதே, அம்மா சந்தேகப்படுவாரே. இதை யாரிடம் சொல்வது? பொய் சொல்கிறவளுக்கு நேரம் தவறக்கூடாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனை வாங்கிப் பேசிக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு பெட்டிக்குள் ஏறினேன்.

ஒப்பனை அக்கா மூக்கில் பஞ்சு வைத்தார், கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார், நெற்றியில் காசு ஒட்டினார். "பயப்படாத மா. முடிஞ்சதும் பெட்டியை விட்டு எறங்குறதுக்கு முன்னாடி கேமராவைப் பார்த்து நல்லா சிரிச்சிரு. பொணமா நடிச்சவங்க சிரிச்சிட்டுத்தான் எறங்கணும், அப்பத்தான் தோஷம் போகும்," என்றார். இயக்குநர் அண்ணன் குனிந்து சொன்னார்: "இது ஒரே ஷாட். மேளம், கூட்டம், அழுகை, எல்லாம் ஒரே ஓட்டம். மழை வேற வருது. யாரு மேல விழுந்து அழுதாலும், என்ன ஆனாலும், நீ அசையவே கூடாது. புரிஞ்சதா?" புரிந்தது என்றேன்.

ஒரு ஒத்திகை, இரண்டு ஒத்திகை. அதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது, மழைக்குப் பயந்து சாப்பாட்டைத் தள்ளிப்போட்டார்கள். எனக்குத் தெரியாமல் நடந்ததை அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவும் அம்மா ஃபேக்டரிதான், ஆனால் மத்தியான ஷிஃப்ட். அன்றைக்குத் தங்கை வீட்டிலிருந்து கிளம்பியவர், ஃபேக்டரி பஸ்ஸில் திகாம் பத்து வழியாக வந்திருக்கிறார். முச்சந்தியில் பஸ் மெதுவாகத் திரும்பும்போது கம்பத்தில் என் முகம். பெயர் வேறு என்று பார்க்கவில்லையா என்று அவரிடம் பிற்பாடு சண்டை பிடித்தேன். "மூஞ்சியப் பார்த்த பிறகு பேர யாருடி படிப்பா?" என்றார். அன்றைக்கு அவர் சூப்பர்வைசருக்குப் போன் செய்ய, சூப்பர்வைசர் அம்மாவை இயந்திரத்திலிருந்து கூப்பிட்டுச் சொல்ல, கூட வேலை செய்கிற ஒருவர் தன் காடியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். காலையிலிருந்து மிஸ் கால் வேறு இல்லை. வழியெல்லாம் அம்மா என் நம்பரை அடித்துக்கொண்டே வந்திருக்கிறார். போன் வேனுக்குள் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"ஆக்‌ஷன்" என்றார்கள். உருமி ஆரம்பித்தது. அழுகை ஆரம்பித்தது. நான் கண்ணை மூடிச் செத்துக் கிடந்தேன், நன்றாகவே கிடந்தேன். அப்போது கூட்டத்துக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. என் வீட்டுப் பெயரைச் சொல்லி. அம்மாவும் அப்பாவும் தவிர யாரும் கூப்பிடாத பெயர் அது.

புதிதாக ஒரு நடிகை வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு எல்லாரும் வழி விட்டார்கள். உருமிக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். "விடாத, அவங்க பக்கம் திரும்பு," என்று இயக்குநர் அண்ணன் கேமராக்காரரிடம் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது.

இதை எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் எழுதுகிறேன். நான் உடனே எழுந்திருக்கவில்லை. மூன்று நொடியோ, ஐந்து நொடியோ, செத்தபடியே கிடந்தேன். ஒரே ஷாட், அசையக்கூடாது, ஐம்பது எபிசோட் என்று என் மண்டைக்குள் ஓடியது. பெற்ற தாய் பெட்டியில் மோதி அழுகிறார், மகள் ஷாட் போய்விடுமே என்று யோசித்துக்கொண்டு கிடக்கிறேன். அந்த ஐந்து நொடிக்காக இன்றைக்கும் எனக்கு என் மேல் வெறுப்பு உண்டு.

அம்மா கை என் முகத்தில் பட்டது. ஃபேக்டரி பவுடர் வாசனை. அந்தக் கை என் மூக்கிலிருந்த பஞ்சைப் பிடுங்கியது. ஒரு பக்கம், அப்புறம் இன்னொரு பக்கம். "மூச்சு விடுடி," என்றார். அழுகையாகக்கூட இல்லை, அதட்டுகிற மாதிரி. "அம்மா வந்துட்டேன்ல, மூச்சு விடு."

எழுந்து உட்கார்ந்தேன்.

கூடாரம் காலியாகிவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் செருப்பை விட்டுவிட்டே ஓடினார்கள். உருமிக்காரர் ஒருவர் மேளத்தோடு வடிகாலில் இறங்கிவிட்டார். அம்மா மட்டும் ஓடவில்லை. என் கன்னத்தைத் தொட்டார், கழுத்தைத் தொட்டார், கால் கட்டைப் பார்த்தார், சுற்றி இருந்த லைட்டைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னைக்குக் கடைக்கு லீவு போட்டியா?"

பெட்டிக்குள் உட்கார்ந்தபடியே சொன்னேன். "இல்லம்மா. வேலைய விட்டு நாலு மாசம் ஆச்சு."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவ்வளவுதானா?" என்றார்.

நாலு மாதமாக நெஞ்சில் தூக்கிச் சுமந்த பாறாங்கல்லை அம்மா 'அவ்வளவுதானா' என்று ஒரே சொல்லில் கீழே இறக்கி வைத்துவிட்டார். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. நெற்றிக்காசோடு ஒரு பிணம் விக்கி விக்கி அழுவதைப் பார்த்து ஒப்பனை அக்காவும் அழுதார். அம்மா முந்தானை இல்லாததால் சட்டைக் கையால் என் முகத்தைத் துடைத்துவிட்டதில் ஒப்பனை எல்லாம் போய்விட்டது.

இயக்குநர் அண்ணன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. அம்மாவுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கம்மா அழுதது தங்கமா வந்திருக்கு மா. நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி வெட்டிக்கிறேன். இதையே வச்சுக்கலாமா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. தொழில்காரர், அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "அத அழிச்சிருங்கண்ணே. என் கண் முன்னாடி அழிங்க. அது வேணும்னா ஐம்பது எபிசோடுக்கு வேற ஆளப் பாருங்க," என்றேன். அவர் கேமராக்காரரைக் கூப்பிட்டு அழித்தார்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நாலரைக்குக் கூடாரத்தைப் பிரிக்க ஆள் வந்துவிடுவார். இன்னொரு தரம் எடுக்க ஒரே வாய்ப்புதான். அம்மாவை வீட்டில் விட்டு வருகிறோம் என்றார்கள். "அவ அதவிட்டு எறங்குற வரைக்கும் நான் எங்கேயும் போகமாட்டேன்," என்று சொல்லிவிட்டார். சரி என்று ஒரு பழைய துப்பட்டாவை அவர் ஃபேக்டரி உடுப்பின் மேல் போர்த்தி, பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். "அம்மா, இப்ப அழுதீங்களே, அதே மாதிரி கொஞ்சம் அழுதா போதும்," என்றார் இயக்குநர் அண்ணன். அம்மா தலையாட்டினார்.

கண்ணை மூடிக் கிடந்த எனக்கு எதுவும் தெரியவில்லை. உருமி அடித்தது, எல்லாரும் அழுதார்கள், தூறல் விழ ஆரம்பித்தது, ஷாட் முடிந்தது. கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கினேன். அம்மா என்னிடம் சொன்ன முதல் விமர்சனம்: "வயிறு ஏறி ஏறி எறங்குது. பொணம் அப்படியா இருக்கும்?"

அப்பா போனதிலிருந்து அம்மா மோட்டாரில் ஏறியதில்லை. அன்றைக்கு ஏறினார். முச்சந்தியில் நிறுத்தச் சொல்லி, தானே இறங்கி அந்தப் பலகையை அவிழ்த்தார். அதில் ஒட்டியிருந்த தாளை உரித்து, பெயரையும் அம்புக்குறியையும் கிழித்துப் போட்டுவிட்டு, படத்தை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இதுல நல்லா இருக்க," என்றார். மறுபடியும் ஏறி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வேலைய விட்டத சொல்லியிருக்கலாம்ல," என்றார்.

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"இப்ப?"

மெர்போக் ரோட்டில் திரும்பினோம். அப்புறம் சொன்னார். "போய்க்கோ. எட்டு இருபதுக்குன்னு கணக்கு வேணாம். எப்ப போய்ச் சேர்றியோ அப்ப அடி. போன புடுங்கி வைக்கிற எடமா இருந்தா, என் நம்பர அவங்ககிட்ட குடுத்துட்டுப் படு."

மறுநாள் நான் ஆபிஸ் சட்டை போடவில்லை. டீ சட்டையும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அவ்வளவு லேசாக அந்த ரோட்டில் நான் ஒரு நாளும் போனதில்லை.

தொடர் வந்தது. முதல் எபிசோடை அம்மாவும் நானும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். சாவு வீட்டுக் காட்சியில் கூட்டமே கதறுகிறது. பெட்டிக்குப் பக்கத்தில் துப்பட்டா போர்த்திய ஒரு பெண் மட்டும் பிணத்தையே பார்த்துக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறார். எங்கே வெட்டினாலும் அவர் முகம் வந்துவிட்டதாம். திரும்ப எடுக்கக் கூடாரம் இல்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த வாரமே பார்க்கிறவர்கள் இணையத்தில் எபிசோடுக்குக் கீழே எழுத ஆரம்பித்தார்கள், அந்தச் சிரிக்கிற பொம்பளைதான் கொலைகாரி என்று. ஐம்பது எபிசோட் முடிகிற வரைக்கும் பாதிப் பேர் அம்மா திரும்ப வருவார் என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அம்மாவைப் பிடித்து உலுக்கினேன். "அழுங்கன்னு சொன்னாங்கள்ல. தலையாட்டிட்டு ஏன் இப்படிச் சிரிச்சீங்க?"

"நானும் அழுவோம்னுதான் உக்காந்தேன்," என்றார். "நீதான் மூச்சு விட்டுக்கிட்டே இருந்தியே."